கால்வெஸ்டன் 1900: வானிலை அதிகாரியின் வீடு

அமெரிக்காவில் புயலால் அதிகம் பேர் இறந்தது எப்போது என்று கேட்டால், நம்மில் பலர் 2005-ல் வந்த கத்ரீனாவைத்தான் சொல்வோம். டிவியில் பார்த்தது அதுதானே! ஆனால் கத்ரீனாவில் இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். அதற்கு 105 வருடங்களுக்கு முன்பு, 1900 செப்டம்பர் 8 சனிக்கிழமை, டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவிலும் அதைச் சுற்றியும் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். 8,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 12,000 வரை சொல்பவர்களும் உண்டு. அமெரிக்க வரலாற்றில் ஒரே இயற்கைச் சீற்றத்தில் இத்தனை உயிர் போனது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

எண்களைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவன் நான். ஆனாலும் 8,000 என்ற எண் மனதில் ஒட்டாது. அதனால் அந்த ஊரில் ஒரே ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். அந்த வீட்டுக்காரர் சாதாரண ஆள் இல்லை. ஊரின் வானிலை அலுவலகத்துக்கே தலைவர். பெயர் ஐசக் க்ளைன்.

டிரான்ஸ்பரில் வந்தவர்

ஐசக் க்ளைன் கடற்கரைக்காரர் இல்லை. 1861-ல் டென்னஸி மாநிலத்தில், கடலே கண்ணில் படாத உள்நாட்டில் பிறந்தவர். வானிலைத் துறையில் சேர்ந்து, வேலையோடு வேலையாக மருத்துவமும் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். டெக்சாஸின் உள்நாட்டு ஊரான அபிலீனில் வேலை பார்த்தபோது கோரா மே என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1889-ல் கால்வெஸ்டனுக்கு மாற்றல். நம்மைப் போலவே உத்தியோகத்துக்காக ஊர் மாறி வந்த குடும்பம்தான்.

ஊர் என்றால் அப்படிப்பட்ட ஊர். மெக்சிகோ வளைகுடாவில் ஒரு நீளமான மணல் தீவு. மக்கள்தொகை கிட்டத்தட்ட 38,000. பருத்தி ஏற்றுமதியில் அமெரிக்காவின் முதல் வரிசைத் துறைமுகங்களில் ஒன்று. ஸ்ட்ராண்ட் என்ற அதன் கடைவீதியில் வங்கிகளும் பருத்தி வியாபாரிகளும் நெருக்கி அடித்து உட்கார்ந்திருந்ததால் அதைத் தென்மேற்கின் வால் ஸ்ட்ரீட் என்றே அழைத்தார்கள். ஒரே ஒரு குறை. தீவின் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து 9 அடிக்கும் கீழே!

1900-ல் அந்த வீட்டில் இருந்தவர்கள்: ஐசக், கோரா, மூன்று பெண் குழந்தைகள் (அல்லி மே, ரோஸ்மேரி, கடைக்குட்டி எஸ்தருக்கு ஆறு வயது), அப்புறம் ஐசக்கின் தம்பி ஜோசப். ஜோசப்புக்கும் அதே வானிலை அலுவலகத்தில் அண்ணன் கீழேதான் வேலை. கோரா மறுபடி கர்ப்பமாக இருந்தார், உடம்பு முடியாமல் படுக்கையில். வீடு கடற்கரையிலிருந்து சில தெரு தள்ளி. புயலைத் தாங்கவேண்டும் என்றே உறுதியாகக் கட்டப்பட்டது.

1891-ல் எழுதிய ஒரு கட்டுரை

கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அதே டெக்சாஸ் கடற்கரையில், தென்மேற்கே நூறு மைலுக்கு மேல் தள்ளி, இந்தியனோலா என்று ஒரு துறைமுகம் இருந்தது. 1875-ல் புயலும் கடலும் சேர்ந்து அதை அடித்து நொறுக்கின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் திரும்பக் கட்டினார்கள். 1886-ல் மறுபடி புயல். ஊரே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இதைப் பார்த்த கால்வெஸ்டன்காரர்களுக்குப் பயம் வந்தது. கடலோரம் ஒரு சுவர் கட்டலாமா என்று பேச்சு எழுந்தது. செலவைக் கணக்குப் போட்டதும் பேச்சு அடங்கியது.

1891 ஜூலையில் உள்ளூர்ப் பத்திரிகையில் ஐசக் ஒரு கட்டுரை எழுதினார். ஊருக்கு வந்து இரண்டே வருடம். கால்வெஸ்டனைப் புயல் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது, அப்படி நினைப்பது வீண் பயம் என்பது அதன் சாரம். காரணமும் கொடுத்தார். இங்கே கடலடி மெல்ல மெல்லச் சரிந்து போகிறது, ஆழமில்லாத தண்ணீரில் பெரிய அலைகள் உடைந்து பலம் இழந்துவிடும், மீறி வரும் தண்ணீரும் எதிர்ப்பக்கத் தாழ்நிலத்தில் பரவிவிடும் என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை நேர் தலைகீழ். கடலடி ஆழமில்லாமல் இருந்தால்தான், புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் கீழே போக வழியில்லாமல் மேலே குவியும். இது நம் வங்கக்கடலின் பாடம். 1864 அக்டோபர் 5-ல் ஹூக்ளி நதியின் முகத்துவாரத்தில் கடல் இப்படித்தான் பொங்கி ஏறி, சுமார் 60,000 பேரைக் கொண்டுபோனது. அதற்கான அரசு அறிக்கைகள் கல்கத்தாவில் அச்சாகி இருந்தன. ஐசக் கட்டுரை எழுதியது 27 வருடம் கழித்து.

சுவர் கட்டாமல் போனதற்கு இந்த ஒரு கட்டுரைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். செலவு செய்ய மனமில்லாத ஊருக்கு அது ஒரு நல்ல சான்றிதழ், அவ்வளவுதான். கடன் கொடுக்கும் தொழிலில் இருக்கும் எவருக்கும் இது தெரியும். கட்சிக்காரர் ஏற்கனவே முடிவு செய்துவிட்டுத்தான் நிபுணர் சர்டிபிகேட்டைத் தேடுவார்.

கியூபா சொன்னது, வாஷிங்டன் கேட்கவில்லை

1900 செப்டம்பர் முதல் வாரம் புயல் கியூபா வழியாகப் போனது. ஹவானாவில் பெலன் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஏசுசபைப் பாதிரியார்கள் பல வருடங்களாகப் புயலைப் படித்து வந்தார்கள். பெனிட்டோ வினியெஸ் என்ற பாதிரியார் மேகத்தின் போக்கைப் பார்த்தே புயலின் பாதையைக் கணிப்பதில் பேர் வாங்கியவர், 1893-ல் காலமானார். அவருக்குப் பின் வந்தவர்கள், இந்தப் புயல் டெக்சாஸ் பக்கம் போகும் என்றார்கள்.

வாஷிங்டன் தலைமையகமோ, ஃப்ளோரிடா பக்கம் திரும்பி வடக்கே போய்விடும் என்று நம்பியது. அதைவிட மோசம் என்னவென்றால், கியூபாக்காரர்கள் தேவையில்லாமல் பீதி கிளப்புகிறார்கள் என்று சொல்லி, அவர்களுடைய புயல் தந்திகளை அனுப்பவிடாமல் ஆகஸ்ட் கடைசியில்தான் தடை போட்டிருந்தார்கள். அப்போது கியூபா அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்ததால் தந்திக் கம்பியும் அவர்கள் கையில். தடைக்குப் பின்னால் இருந்தவர் துறைத் தலைவர் வில்லிஸ் மூர்.

கால்வெஸ்டனில் வெள்ளிக்கிழமை முற்பகல் புயல் கொடி ஏறியது. ஜனங்கள் பார்த்தார்கள், போனார்கள். கொடி ஏறுவது புதுசா என்ன!

சனிக்கிழமை

விடியும் முன்பே ஜோசப் எழுந்து பார்த்தால் முற்றம் வரை கடல் தண்ணீர். ஐசக் கடற்கரைக்குப் போனார். காற்று வடக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அப்படி அடித்தால் தண்ணீர் பின்வாங்க வேண்டும். ஆனால் அலை காற்றை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது. இது சரியில்லை என்று வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். தெருவில் தண்ணீர் வந்தால் எந்த ஊரிலும் அப்படித்தானே. பெரியவர்களும் டிராம் ஏறி அலையை வேடிக்கை பார்க்கப் போனார்கள். மதியத்துக்குள் கடற்கரைக் குளியல் விடுதிகள் உடைந்து விழ ஆரம்பித்தபோதுதான் சிரிப்பு நின்றது. அதற்குள் நிலத்தோடு இணைக்கும் ரயில் பாலங்களும் வண்டிப் பாலமும் பயன்படாமல் போயிருந்தன. தந்தியும் அறுந்தது.

அன்று பொலிவர் முனையில், படகேறிக் கால்வெஸ்டன் வரவேண்டிய ஒரு ரயில் நின்றுவிட்டது. 95 பயணிகள். பத்துப் பேர் இறங்கித் தண்ணீரில் நடந்து கலங்கரை விளக்கத்துக்குப் போனார்கள், பிழைத்தார்கள். பெட்டிக்குள்ளேயே இருந்த 85 பேரும் இறந்தார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலை இழந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாலையில் தம்பி ஜோசப் வீடு வந்து சேர்ந்தபோது, அக்கம்பக்கத்தார் எல்லாம் அங்கேதான். சுமார் 50 பேர். வானிலை அதிகாரியின் வீடு, அதுவும் உறுதியான வீடு, வேறு எங்கே போவார்கள்? ஊரின் நடுப்பகுதிக்குப் போய்விடலாம் என்று ஜோசப் சொன்னதாகவும், கோராவின் நிலைமையையும் வெளியே பறக்கும் ஓடு, மரத்துண்டுகளையும் பார்த்த ஐசக் இங்கேயே இருப்போம் என்றதாகவும் ஜோசப்பின் நினைவுக்குறிப்பு சொல்கிறது.

இரவு ஏழரை மணி சுமாருக்கு ஐசக் வாசற்கதவருகே நின்றிருந்தார். வீட்டுக்குள் எட்டு அங்குலம் தண்ணீர். நாலு விநாடியில் நாலு அடி ஏறியது. நகர்வதற்குள் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. இதை அவரே பின்னால் அலுவலக அறிக்கையில் எழுதினார். அன்று கடல் 15 அடிக்கு மேல் ஏறியது. ஊரின் உச்சி 9 அடிக்கும் குறைவு என்று முன்பே சொன்னேன்.

எல்லோரும் மாடியில். கடலோரம் மரச்சட்டங்கள் மேல் போட்டிருந்த டிராம் தண்டவாளத்தை அலைகள் நீளமாகப் பெயர்த்து எடுத்து வந்தன. அது வீட்டை இடி இடி என்று இடித்தது. காற்றையும் அலையையும் தாங்கிய வீடு இதைத் தாங்கவில்லை. சாய்ந்தது.

ஜோசப் மூத்த பெண்கள் இருவரையும் கையில் பிடித்தபடி ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தார். ஐசக், கோரா, எஸ்தர் மூவரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தண்ணீருக்குள் நினைவு தப்பிய ஐசக், விழித்தபோது இரண்டு மரங்களுக்கு நடுவே நெருக்கப்பட்டு மேலே வந்திருந்தார். மின்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் எஸ்தர் மிதப்பது தெரிந்தது. கோரா வரவே இல்லை.

சுமார் மூன்று மணி நேரம் இரண்டு ஆண்களும் மூன்று குழந்தைகளும் இடிபாடுகளின் மேல் மிதந்தார்கள். குழந்தைகளை முன்னால் விட்டு, முதுகில் பலகையைப் பிடித்துக்கொண்டு பறந்து வரும் கட்டைகளைத் தடுத்தார்கள். ஒரு கட்டத்தில் கடலுக்குள் போய், காற்று மாறியதும் திரும்பி வந்தார்கள். வழியில் வேறு ஒரு வீட்டுச் சிறுமியையும் ஜோசப் தூக்கிக்கொண்டார். எங்களை விட்டுவிட்டுச் சித்தப்பா யாரோ ஒரு பெண்ணைக் கவனிக்கிறார் என்று அண்ணன் மகள் அப்பாவிடம் புகார் சொன்னாளாம்! உயிர் போகும் நேரத்திலும் குழந்தை குழந்தைதான். கடைசியில் கரை சேர்ந்த இடம், அவர்கள் வீடு இருந்த இடத்திலிருந்து சில நூறு கஜம்தான்.

வீட்டில் இருந்த சுமார் 50 பேரில் மிஞ்சியவர்கள் 18 பேர் என்று ஐசக் கணக்குக் கொடுத்தார்.

அதே இரவில் செயின்ட் மேரி அனாதை இல்லத்தில் கன்னியாஸ்திரீகள் பத்துப் பேரும், துணி உலர்த்தும் கயிற்றால் தங்களோடு பிள்ளைகளைப் பிணைத்துக்கொண்டார்கள். பத்துப் பேரும் போனார்கள். 93 குழந்தைகளில் மிஞ்சியது மூன்று பையன்கள்.

பிறகு

மறுநாள் ஞாயிறு. வெயில், அமைதியான கடல். 3,600 வீடுகளுக்கு மேல் அழிந்திருந்தன. பிணங்களைப் புதைக்க இடமில்லை, ஆளில்லை. சுமார் 700 உடல்களைப் படகில் ஏற்றிக் கல் கட்டிக் கடலில் போட்டார்கள். அலை திருப்பிக் கொண்டுவந்தது. பிறகு கிடைத்த இடத்தில் எரித்தார்கள், வாரக்கணக்கில். இந்த வேலைக்குக் கறுப்பின ஆண்களைத் துப்பாக்கி முனையில் பிடித்து வந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. அவர்கள் வீட்டிலும் அன்று சாவுதான்.

ஐசக் வேலைக்குத் திரும்பினார். செப்டம்பர் 23 தேதியிட்டுத் தன் துறைக்கு அறிக்கை எழுதினார். காற்றழுத்தம், காற்றின் வேகம், நீர்மட்டம் எல்லாம் மணிவாரியாக. நடுவில், இறந்தவர்களில் தன் மனைவியும் ஒருவர் என்று ஒரு வரி. அந்த வரியை எழுதும்போது கோராவின் உடல் கிடைத்திருக்கவில்லை. அது கிடைத்தது செப்டம்பர் 30-ல், எந்த இடிபாட்டின் மேல் குடும்பம் மிதந்து பிழைத்ததோ அதற்கு அடியில். விரலில் இருந்த மோதிரத்தை வைத்து அடையாளம் கண்டார்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கடலோரம் ஒரு சுவர் இருந்திருந்தால் உயிரும் உடைமையும் பெருமளவு தப்பியிருக்கும் என்று எழுதுகிறார். 1891 கட்டுரையைப் பற்றி மூச்சு இல்லை.

தான் கடற்கரை நெடுக வண்டியில் போய் ஆயிரக்கணக்கானோரை எச்சரித்ததாக ஐசக் பின்னாளில் எழுதினார். அமெரிக்காவில் பல காலம் அவரை வீரராகவே கொண்டாடினார்கள். 1999-ல் எரிக் லார்சன் எழுதிய நூல், அன்று பிழைத்தவர்களின் குறிப்புகளில் இதற்குப் போதிய சாட்சியம் இல்லை என்று கேள்வி எழுப்பியது. அவரை வீரர் என்றோ வில்லன் என்றோ முத்திரை குத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. சொந்த வீட்டை விட்டு அவர் குடும்பத்தைக் கிளப்பவில்லை என்பதே எனக்குப் போதுமான சாட்சி. 1891-ல் எழுதியதை அவர் ஊருக்காக மட்டும் எழுதவில்லை, மனதார நம்பியிருந்தார்.

அடுத்த வருடம் நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றல். அதன் பிறகு வாழ்நாளெல்லாம் அவர் ஆராய்ந்தது ஒன்றைத்தான்: புயலில் கொல்வது காற்றை விடக் கடல்தான், அது எங்கே, எவ்வளவு ஏறும்? 1920-ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை, 1926-ல் பெரிய நூல். 1955 ஆகஸ்டில் 93 வயதில் காலமானார்.

ஊர் என்ன செய்தது?

வங்கிக்காரனுக்குப் பிடித்த பகுதி இது. சுவர் கட்டப் பதினைந்து லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். வெளியூர் முதலாளிகள் தயங்கும் நேரத்தில், எல்லாம் இழந்த உள்ளூர்க்காரர்களே அதை வாங்கினார்கள். 1902-ல் தொடங்கி 1904-ல் மூன்று மைலுக்கு மேல் நீளமாக, 17 அடி உயரச் சுவர் எழுந்தது. திட்டம் போட்ட மூன்று பொறியாளர்களில் ஒருவர் ஹென்றி ராபர்ட். ஆமாம், கூட்டங்களை எப்படி நடத்துவது என்று விதிப்புத்தகம் எழுதிய அதே ராபர்ட்தான்!

அதோடு நிற்கவில்லை. ஊரையே தூக்கினார்கள். 2,000 கட்டடங்களுக்கு மேல் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலைக் குழாய் வழியே கொட்டி நிரப்பினார்கள். 3,000 டன் எடையுள்ள ஒரு தேவாலயம் கூட ஐந்து அடி எழும்பியது. தத்தம் வீட்டைத் தூக்கும் செலவு அவரவருடையது. வருடக்கணக்கில் ஜனங்கள் மரப்பலகைப் பாலங்களில் நடந்துதான் கடைக்குப் போனார்கள். 1915-ல் அதேபோல் பெரும்புயல் வந்தபோது, சுவருக்கு உள்ளே இறந்தவர்கள் மிகச் சிலரே.

ஆனால் வியாபாரம் திரும்பவில்லை. 1914-ல் ஹூஸ்டனுக்குக் கப்பல் கால்வாய் திறந்தது. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஹூஸ்டன் வளர்ந்தது, கால்வெஸ்டன் சுற்றுலா ஊர் ஆனது. 2008-ல் ஐக் புயலின்போது சுவர் கடலைத் தடுத்தது, தண்ணீர் பின்பக்க விரிகுடா வழியாக உள்ளே வந்தது. சுவருக்கும் ஒரு எல்லை உண்டு.

கேனிங் வரை ஒரு டிக்கெட்

நான் வேலை பார்க்கும் கொல்கத்தாவில் சியால்தா தெற்கிலிருந்து லோக்கல் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கேனிங். சுந்தரவனத்தின் வாசல். ஒரு காலத்தில் கல்கத்தாவுக்குப் போட்டியாக அங்கே துறைமுகம் கட்டினார்கள். அந்த இடம் வேண்டாம், புயலோடு கடல் ஏறிவிடும் என்று 1853-லேயே கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குக் கடிதம் எழுதியவர் ஹென்றி பிடிங்டன். சைக்ளோன் என்ற சொல்லையே உருவாக்கியவர். யாரும் கேட்கவில்லை. 1858-ல் அவர் இறந்துபோனார். துறைமுகக் கம்பெனியின் பங்குகள் பம்பாய்ச் சந்தையில் கன்னாபின்னாவென்று ஏறின. 1867 நவம்பரில் புயல் வந்தது, துறைமுகம் முடிந்தது.

இருவரும் படித்தவர்கள், இருவரும் நேர்மையாகத்தான் எழுதினார்கள். வராது என்று சொன்னவரை நம்பினார்கள், வரும் என்று சொன்னவரை ஒதுக்கினார்கள். நமக்கு வேண்டியதைச் சொல்பவர்தான் நமக்கு நிபுணர்!

வெளியூரில் இருக்கும் நமக்கு இது வெறும் வரலாறு இல்லை. லேக் மார்க்கெட் பக்கமோ, புவனேஸ்வரிலோ, மும்பையிலோ நாம் வீடு பார்க்கும்போது தரகர் முதலில் சொல்வது, இங்கே தண்ணீர் நிற்காது சார் என்பதுதான். கொல்கத்தா என்றால், எக்கானே ஜொல் ஜொமே நா! சொந்த ஊரில் எந்தத் தெரு பள்ளம், எது பழைய ஏரி என்று நம் தாத்தா சொல்லியிருப்பார். வந்த ஊரில் நமக்குத் தாத்தா கிடையாது. மண்ணும் தெரியாது, அதன் பழைய கதையும் தெரியாது. 2020 மே 20-ல் ஆம்பன் வந்தபோது, மரங்கள் விழுந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கொல்கத்தா தவித்ததே, அப்போதுதான் பல குடும்பங்களுக்குத் தாங்கள் இருக்கும் இடத்தின் மேடு பள்ளம் தெரிந்தது.

இன்று செயற்கைக்கோள் இருக்கிறது, எச்சரிக்கை செல்போனுக்கே வருகிறது. 1999-ல் ஒடிசாவில் சுமார் பத்தாயிரம் பேரைப் பலி வாங்கியது பெரும்புயல். 2013-ல் ஃபாய்லின் வந்தபோது லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே வெளியேற்றியதால் சாவு சில பத்துகளோடு நின்றது. ஆகவே கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும். நம் வீடு கெட்டி என்ற நினைப்பு அந்த நேரத்தில் ஆகாது.

வாடகைக்கோ விலைக்கோ வீடு பார்க்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். தரகரை விடுங்கள். அந்தத் தெருவில் நாற்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு, இங்கே அதிகபட்சம் எது வரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். அவர் கையைக் காட்டுவார், முழங்காலா, இடுப்பா என்று. அந்த அளவை நினைவில் வைத்துக்கொண்டு பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.